சுப முடிவில் குறையில்லை, அதற்கு முந்தைய பத்துப் பக்கத்தில்தான் குறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் நூல் பக்கத்தில் வந்த கட்டுரை, தமிழில் வாரந்தோறும் வெளிவரும் காதல் நாவல்களை ஒரே வரியில் தள்ளிவிட்டது. கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிற கதையில் படிக்க என்ன இருக்கிறது என்பது கட்டுரையாளரின் கேள்வி. இந்த நாவல்களைப் படிப்பவர்களும் எழுதுபவர்களும் எங்களைப் போலப் பிரதி திருத்துபவர்களும் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல இடம் தாருங்கள்.

தென் மாவட்டத் திருவிழாக்களில் இன்றும் ‘வள்ளி திருமணம்’ நாடகம் நடக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதித் தந்த கதை. வள்ளி முருகனை மணப்பாள் என்பது தெரியாமல் எவரும் பந்தலில் வந்து பாய் விரிப்பதில்லை. அப்படியும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள், தர்க்கத்துக்காக. தினைப்புனத்தில் நாரதர் வந்து பேச்சுக் கொடுக்கும்போது வள்ளி எந்த இடத்தில் மடக்குகிறாள், வேடனாக வந்து நிற்பவன் கேட்பதற்கு இன்றைய வள்ளி என்ன பதில் வைத்திருக்கிறாள் என்று பார்க்கத்தான் கூட்டம். தர்க்கத்தில் தேறாத நடிகையை அடுத்த வருடம் அந்த ஊரில் கூப்பிட மாட்டார்கள். தாலி கட்டும் காட்சி எப்படியும் விடியற்காலையில் வந்துவிடும். அதை எட்டும் வழியில் வள்ளி எத்தனை கேள்வி கேட்டாள் என்பதை வைத்துத்தான் ஊர் அந்த இரவை எடைபோடுகிறது.

காதல் நாவல் வாசகரின் எதிர்பார்ப்பும் இதேதான். அவர் கேட்பது இரண்டு. ஒன்று, இருவரும் கடைசியில் சேர வேண்டும். இரண்டு, சேர்வதற்கான விலையைக் கதைக்குள்ளேயே கொடுத்திருக்க வேண்டும். முதலாவதை எல்லோரும் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாவதில்தான் பாதிக்குப் பாதி நாவல்கள் கைவிடுகின்றன. கட்டுரையாளர் கை வைத்திருக்க வேண்டிய இடம் அது.

முதலில் அந்த முதல் எதிர்பார்ப்பு. அமெரிக்காவில் 1980-ல் தொடங்கப்பட்ட ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற எழுத்தாளர் அமைப்பு, எது காதல் நாவல் என்பதற்கு இரண்டே விதி வைத்தது. காதல்தான் மையக் கதையாக இருக்க வேண்டும். முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும். கல்யாணம், குழந்தை என்றெல்லாம் அந்த விதி பேசவில்லை. இருவரும் வாழ்நாள் முழுக்கச் சேர்ந்திருப்பார்கள் என்று காட்டுவது ஒரு வகை, இப்போதைக்குச் சேர்ந்திருக்கிறார்கள் என்று நிறுத்துவது இன்னொரு வகை; இரண்டையும் அங்கே ஏற்றுக்கொள்கிறார்கள். இந்த வாசகர்களை நேரில் பார்த்து ஆராய்ந்து 1984-ல் நூல் வெளியிட்ட ஜேனிஸ் ராட்வே என்ற பேராசிரியர், நல்ல காதல் நாவலுக்கு எது முக்கியம் என்று கேட்டபோது சுப முடிவைத்தான் அந்தப் பெண்கள் முதலில் சொன்னதாக எழுதியிருக்கிறார். வாங்குவதற்கு முன் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவர்களும் அவர்களில் இருந்தார்கள். நம் ஊர் வாடகை நூல் நிலையங்களிலும் அதே பழக்கம்தான். ரமணிசந்திரன் பெயர் அட்டையில் இருந்தால் புரட்ட வேண்டிய தேவைகூட இல்லை என்று எடுத்துப் போவார்கள்.

இதை மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது. திருக்குறள் காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள். களவியல் 7, கற்பியல் 18. கற்பியல் தொடங்குவதே பிரிவாற்றாமையில். அதன்பின் அதிகாரம் அதிகாரமாகப் பசலை, தூங்காத கண், கனவு, மாலைப்பொழுதின் துன்பம். கடைசி மூன்று அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. 1330-ஆம் குறள் ‘கூடி முயங்கப் பெறின்’ என்று முடிகிறது. அறமும் பொருளும் பேசிய ஒரு நூல் தன் கடைசி அடியை ஒரு தழுவலில் வைத்து முடித்திருக்கிறது. அதற்காக வள்ளுவரை மலிவான எழுத்தாளர் என்று யாரும் சொன்னதில்லை.

அங்கே ஒரு கணக்கையும் பார்க்க வேண்டும். 250 குறளில் ஊடலுக்கும் அது தணிவதற்கும் மட்டும் 30 குறள். நூற்றுக்குப் பன்னிரண்டு. இந்த விகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய தொடர்கதைகளைப் பார்த்தால் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும்.

இணையத்தில் வரும் ஒரு தொடர்கதை ஏறக்குறைய அறுபது எபி (எபிசோட், அதாவது அத்தியாயம்) ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாயகன் நாயகியைச் சந்தேகப்படுகிறான், அவள் வீட்டார் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசுகிறான், அவள் வெளியேறுகிறாள். இது இருபதாவது எபிக்குள் நடந்துவிடும். அடுத்த முப்பத்தைந்து எபியும் வலிதான். ஐம்பத்தெட்டாவது எபியில் வில்லி தன் சூழ்ச்சியை எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்கிறாள். நாயகன் ஓடி வருகிறான். ஐம்பத்தொன்பதில் மன்னிப்பு. அறுபதில் ‘ஐந்து வருடங்களுக்குப் பிறகு’, இரட்டைக் குழந்தைகள், மொட்டையடிக்கக் குலதெய்வக் கோயில். வள்ளுவர் விகிதப்படி பார்த்தால் மன்னிப்புக்கு ஏழு எபி வந்திருக்க வேண்டும். வந்தது ஒன்று. அதிலும் பாதி நாயகனின் கண்ணீர் வர்ணனை.

பமேலா ரெஜிஸ் என்ற ஆய்வாளர் 2003-ல் எழுதிய நூலில் காதல் நாவலின் எட்டு உறுப்புகளை வரிசைப்படுத்துகிறார். சமூகத்தின் நிலை, சந்திப்பு, தடை, ஈர்ப்பு, காதலைச் சொல்வது, எல்லாம் முடிந்துபோனது என்று தோன்றும் சாவுக் கட்டம், உண்மையை உணர்வது, திருமண உறுதி. நம் தொடர்கதைகளில் சாவுக் கட்டம் பிரமாதமாக வருகிறது. அடுத்தது, அந்த ‘உணர்வது’, அதைத்தான் வேறொருவர் வாயால் வரவழைத்துவிடுகிறோம். வில்லி சொன்னதால் நாயகனுக்குத் தெரிந்தது. சிசிடிவி காட்டியதால் தெரிந்தது. டிஎன்ஏ ரிப்போர்ட் வந்ததால் தெரிந்தது. அவன் எதையும் உணரவில்லை. தகவல் மட்டும் கிடைத்திருக்கிறது. ஆதாரம் கிடைத்த பிறகு மனைவியை நம்புவதற்குக் கணவன் எதற்கு, நீதிபதி போதுமே! அடுத்த முறை ஆதாரம் கிடைக்காமல் போனால் இவன் என்ன செய்வான் என்ற கேள்வி வாசகர் மனத்தில் தங்கிவிடும். முடிவு எவ்வளவு இனித்தாலும் அந்தக் கேள்வி கரையாது.

இதற்கு மருந்து சிறியது. இரண்டு எபிகளை இடம் மாற்ற வேண்டும். அவன் அவளை நம்பி வந்து நிற்கும் எபி முன்னால், ஆதாரம் கிடைக்கும் எபி பின்னால். ஆதாரம் இன்னும் அவளுக்கு எதிராகவே இருக்கும்போது, “நீ செய்யலன்னு எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு கேட்டா சொல்லத் தெரியல. இத்தனை நாள் தெரியாத மாதிரி இருந்துட்டேன்” என்று அவன் சொல்லட்டும். அதற்குப் பிறகு வில்லி வந்து ஒப்புக்கொண்டால் என்ன, ஒப்புக்கொள்ளாமலே போனால் என்ன? கதை அங்கேயே பிழைத்துவிட்டது. இருபது எபியைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. இந்த ஒரு மாற்றம் பெரும்பாலான கதைகளைத் தூக்கி நிறுத்திவிடும்.

மன்னிப்புக் காட்சியையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வழக்கமாக வருவது இது: “ஏதோ கோபத்துல சொல்லிட்டேன்டி. உன்ன விட்டுட்டு நான் எப்படி இருந்தேன் தெரியுமா? செத்துட்டேன்டி.” இந்த மூன்று வாக்கியத்தில் அவள் எங்கேயும் இல்லை. கோபம் செய்தது, அவன் பட்ட கஷ்டம், அவன் செத்தது. இதையே இப்படி மாற்றிப் பாருங்கள்: “உன் அண்ணன் முன்னாடி, உன் ஆபீஸ்ல வேலை செய்யறவங்க முன்னாடி, உன்னை அசிங்கமாப் பேசினேன். அன்னைக்கு நீ கேட்ட ஒரே கேள்விக்கு நான் பதில் சொல்லல.” செய்ததை வினைச்சொல்லோடு, எண்ணிச் சொல்கிறான். ‘ஆனால்’ வரவில்லை. அடுத்து, அவமானப்படுத்தியது நாலு பேர் முன்னால் என்றால் மன்னிப்பும் அந்த நாலு பேர் முன்னால் நடக்க வேண்டும். படுக்கையறையில் கேட்கும் மன்னிப்பு அண்ணனின் காதுக்குப் போகாது. அவன் எதையாவது இழக்கவும் வேண்டும்: சொத்தின் மீதுள்ள பிடி, அம்மாவிடம் இருந்த நல்ல பெயர், தான் எப்போதும் சரி என்ற திமிர், ஏதாவது ஒன்று. பிறகு அவன் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். எத்தனை நாள் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.

அவள் ‘சரி’ என்று சொல்லும் இடம் எது என்பதும் முக்கியம். ஆஸ்பத்திரி கூடாது. விபத்து நடந்து, ஐசியூ வாசலில், சலைன் பாட்டிலுக்குக் கீழே சொல்லும் சம்மதத்தில் பாதி பரிதாபம். அவன் எழுந்து நடந்த பிறகு அந்தப் பாதி ஆவியாகிவிடும். கர்ப்பம் தெரிந்த அன்றும் கூடாது. குழந்தைக்காக என்ற சொல் வந்துவிட்டால் அவளுக்கு வேறு வழி இல்லை என்றாகிவிடுகிறது. அவள் கையில் வேலை, பெயரில் ஒரு வாடகை வீடு, பையில் திரும்பிப் போக பஸ் டிக்கெட், இவையெல்லாம் இருக்கும்போது, போகலாம் என்ற நிலையில் நின்றுகொண்டு அவள் இருக்கிறேன் என்றால் அதுதான் சுபம். எழுதுபவர்கள் அந்த எபியைத் தொடங்கும் முன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம்: இந்த நிமிடம் இவள் வேண்டாம் என்று சொன்னால் இன்றிரவு எங்கே தூங்குவாள்? பதில் இல்லையென்றால் அந்தக் காட்சிக்கு இன்னும் நேரம் வரவில்லை.

ஆன்ட்டி ஹீரோ கதைகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த வகையே கூடாது என்று கூப்பாடு போடுவதில் எங்களுக்குச் சம்மதமில்லை. முரடன் திருந்துவது பழைய ருசி. அதை விரும்பிப் படிப்பவர்களை ஏளனம் செய்வது நியாயமும் இல்லை. அந்தக் கதைகளில் சட்டம் தப்பாக வருவதுதான் எங்கள் கவலை, ஏனென்றால் படிப்பவர்களில் பதினெட்டு வயதுப் பெண்களும் உண்டு. கட்டாயத் தாலி ஒரு உதாரணம். மண்டபத்திலோ கோயிலிலோ அவள் சம்மதமின்றி அவன் தாலி கட்டிவிடுவான். ‘கழுத்தில் ஏறிவிட்டது, இனி என்ன செய்வது’ என்று அவள் வீட்டாரும் அவளும் ஒடுங்கிவிடுவார்கள். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 12-ஆம் பிரிவு, பலவந்தத்தால் பெறப்பட்ட சம்மதத்தோடு நடந்த திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது. பலவந்தம் நீங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். அதன்பிறகு அவள் முழு மனதோடு அவனுடன் மனைவியாக வாழ்ந்துவிட்டால் அந்த வழி அடைபடும். நாவலாசிரியருக்கு இதைவிட நல்ல நூல்பிடி வேறு என்ன வேண்டும்? ஓராண்டு என்ற கடிகாரம். தினமும் வழக்கறிஞர் அலுவலகத்தைக் கடந்து வேலைக்குப் போகும் நாயகி. அவன் திருந்த வேண்டும் என்றால் அவளைத் தடுக்காமல், அவனே வண்டியில் கூட்டிப்போய் அந்த வாசலில் இறக்கிவிட வேண்டும். அப்படி இறக்கிவிட்ட பிறகு அவள் எடுக்கும் முடிவுக்குத்தான் எடை உண்டு.

இன்னொன்று, ‘ஆறு மாதம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு வாருங்கள் என்று கோர்ட் சொல்லிவிட்டது’ என்ற கதைக்கரு. எத்தனையோ நாவல்களில் பார்த்தாயிற்று. பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு உரிய, அதே இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி, மனு போடும்போதே இருவரும் குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதம் முதல் மனுவுக்கும் இரண்டாம் கட்ட விசாரணைக்கும் நடுவில் உள்ள காத்திருப்பு. தகுந்த வழக்குகளில் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. ஒரே வீட்டில் போய் இருங்கள் என்று அந்தப் பிரிவில் எங்கேயும் இல்லை. சேர்த்து வைக்கக் காரணம் தேவையென்றால் குடும்ப நல நீதிமன்றத்தின் கவுன்சலிங் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள், எதிரெதிர் நாற்காலி, நடுவில் மூன்றாம் ஆள். ஒரே வீட்டில் அடைத்துவைப்பதைவிட அங்கே நல்ல காட்சிகள் பிறக்கும்.

கலப்புத் திருமணக் கதைகளில் ரிஜிஸ்டர் ஆபீஸ் வருகிறது. காலையில் நாயகனும் நாயகியும் வேற்று மதத்தவராக உள்ளே போகிறார்கள், மதியத்துக்குள் மாலையும் கழுத்துமாக வெளியே வருகிறார்கள். மதம் மாறாமல் மணப்பதற்கு உள்ள 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் அது நடக்காது. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் வசித்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்தால் அதை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். ஆட்சேபம் சொல்ல 30 நாள் அவகாசம். அதன்பிறகு மூன்று சாட்சிகள். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18. நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் நடக்கவில்லையென்றால் திரும்ப முதலிலிருந்து. பெயரும் விலாசமும் ஒட்டிய அந்தத் தாள் ஒரு மாதம் சுவரில் தொங்கும்போது இரு வீட்டிலும் என்ன நடக்கும் என்பதை எழுதினாலே பதினைந்து எபி வரும்! அதை விட்டுவிட்டுக் கடத்தல், துப்பாக்கி என்று போகிறோம். இருவரும் இந்துக்கள், சாதிதான் வேறு என்றால் வழி சுலபம். தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்துக்கு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு இருக்கிறது. புரோகிதர் இல்லாமல், உறவினரோ நண்பரோ சூழ நிற்க, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் தாலி கட்டினாலும் செல்லும். தமிழ்நாட்டின் 2009 திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

சாதி என்று வந்துவிட்டதால் எங்களுக்கு மிகவும் வருத்தம் தரும் ஒரு முடிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசகர்கள் அதிகம் ஏமாறுவதும் இதில்தான். கதை முழுக்க அந்தஸ்து, குலம் என்று இரு வீடும் முட்டிக்கொள்ளும். நாயகி அனாதையாகவோ வேலைக்கு வந்தவளாகவோ இருப்பாள். கடைசியில் பார்த்தால் அவள் இருபது வருடத்துக்கு முன் வீட்டை விட்டுப்போன அத்தையின் மகள்! கழுத்துச் சங்கிலியிலோ பழைய போட்டோவிலோ தெரிந்துவிடும். பாட்டி அழுவார், சொந்தம் விட்டுப்போகவில்லை என்று எல்லோரும் கட்டிக்கொள்வார்கள். இருவரும் சேர்ந்துவிட்டார்கள்தான். ஆனால் ஐம்பது எபி போராடிய நியாயம் தோற்றுவிட்டது. சொந்தக்காரி என்பதால்தான் அவளை ஏற்றார்கள் என்றால், சொந்தமில்லாத பெண்ணுக்கு அந்த வீட்டுக் கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது.

நம் நாட்டார் கதைகளில் சாதி தாண்டிய காதல் எப்படி முடிகிறது என்று நினைத்துப் பாருங்கள். முத்துப்பட்டன் அந்தணராகப் பிறந்து சக்கிலியர் குலத்துச் சகோதரிகளான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்தவன். ஆநிரை மீட்கப் போய்க் கொல்லப்படுகிறான், அவர்கள் தீப்பாய்கிறார்கள். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றைக்கும் அவனுக்குப் படையல் உண்டு. மதுரை வீரன் கதையும் கொலையில்தான் முடிகிறது. வாழவிடாதவர்களைச் சாமியாக்கிக் கும்பிட்ட மண் இது. செய்தித்தாளைப் பிரித்தால் அந்தக் கொலைகள் நின்றபாடில்லை என்பது தங்களுக்கே தெரியும். அதே காலைப்பொழுதில் அந்தச் செய்தியையும் படித்துவிட்டு, வேறு வேறு சாதியில் பிறந்த இருவர் ஒரு வீடு பிடித்து, கேஸ் இணைப்பு வாங்கி, பால்காரரிடம் கணக்கு வைத்து உயிரோடு இருக்கும் கதையைத் தேடுகிற பெண்ணைப் பார்த்து ‘கனவுலகில் மிதக்கிறாள்’ என்று எப்படிச் சொல்ல முடிகிறது? அவள் கேட்பது மிகவும் நியாயமானது. அந்தக் கதையை அத்தை மகள் திருப்பம் இல்லாமல் எழுதித் தர வேண்டியது எழுதுபவர்களின் கடன்.

சோக முடிவுக்கு நாங்கள் எதிரியா என்றால், இல்லை. கல்கி 1944 முதல் 1946 வரை எழுதிய சிவகாமியின் சபதத்தில் காதலர் சேரவில்லை. சிவகாமி ஏகாம்பரநாதரையே பதியாக வரித்துக்கொள்கிறாள். வாசகர் கலங்குவார், ஏமாற மாட்டார். பிரிவுக்கு விதை அந்தச் சபதத்திலேயே இருக்கிறது. சபதத்தைப் புத்தகத்தின் தலைப்பிலேயே வைத்துவிட்டார். பொன்னியின் செல்வன் முடிந்தபோது, பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்ட வாசகர்களுக்காக முடிவுரை ஒன்றையும் எழுதினார். வாசகரின் எதிர்பார்ப்பை மதிப்பது என்றால் அதுதான். கேட்டதைக் கொடுப்பது ஒரு வழி. ஏன் கொடுக்கவில்லை என்று எடுத்துச் சொல்வது இன்னொரு வழி. பெர்னார்ட் ஷாவும் தன் ‘பிக்மேலியன்’ நாடகத்தில் பூ விற்கும் எலைஸாவும் அவளுக்குப் பேச்சுப் பழக்கும் ஹிக்கின்ஸும் ஏன் மணக்கவில்லை என்று 1916-ல் நீண்ட பின்னுரை எழுதிச் சேர்த்தார். ஆனால் அவர் அந்த நாடகத்துக்கு ‘ஒரு ரொமான்ஸ்’ என்று துணைத்தலைப்பும் வைத்திருந்தார். அப்படிப் பெயர் வைத்துவிட்டு, சேர்த்துவை என்று கேட்பவர்கள் மேல் கோபப்பட்டது அவ்வளவு சரியில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

பெயர்தான் இங்கேயும் சிக்கல். தமிழில் ‘காதல் கதை’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் ஓடுகிறது. சினிமாவில் காதல் படம் என்றால் கடைசி ரீலில் யாராவது சாவார்கள் என்று எதிர்பார்த்தே போகிறோம். நாவலில் அதே சொல்லுக்குச் சேர்ந்துவிடுவார்கள் என்று பொருள். ஐம்பது எபி கூடவே வந்த வாசகரிடம் ஐம்பத்தொன்றில் நாயகனைச் சாகடித்தால் அவர் திட்டுவது முடிவின் சோகத்துக்காக மட்டும் இல்லை. சோறு என்று சொல்லிக் கூப்பிட்டுக் கஷாயம் கொடுத்தால் யாருக்கும் கோபம் வரும், கஷாயம் உடம்புக்கு நல்லதாகவே இருந்தாலும். முதல் எபிக்கு மேலேயே ‘சுப முடிவு’ என்றோ ‘சோக முடிவு’ என்றோ ஒரு சொல் போட்டுவிட்டால் போதும். முடிவைச் சொல்லிவிட்டால் யார் படிப்பார்கள் என்று எழுத்தாளர்கள் தயங்குகிறார்கள். வள்ளி திருமணத்துக்கு நோட்டீஸ் அடிக்கும்போது தலைப்பிலேயே திருமணம் என்றுதான் அடிக்கிறார்கள்.

தொடராக எழுதுவதில் உள்ள சங்கடங்களையும் ஒதுக்கிவிட முடியாது. பிரிவுப் பகுதி ஓடும்போதுதான் கமெண்ட் குவியும். ‘சீக்கிரம் சேர்த்து வைங்க சிஸ்’ என்று வரும் ஒவ்வொரு வரியும் இன்னும் இரண்டு எபி இழுக்கச் சொல்லும். அதற்குள் போட்டியின் கடைசித் தேதி வந்துவிடும், எழுதுபவருக்கும் களைப்பு. இழுத்த இடத்தில் இழுத்து, நிதானமாகப் போக வேண்டிய கடைசிப் பத்தில் ஓடுகிறார்கள். இதற்கு அனுபவப்பட்டவர்கள் கைக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. முதல் எபியை வெளியிடும் முன்பே கடைசி மூன்று எபியை எழுதி வைத்துவிடுவது. பிறகு மாற்றலாம், மாற்றத்தான் வேண்டியிருக்கும். ஆனால் போய்ச் சேர வேண்டிய இடம் கண்ணில் இருக்கும். கையில் எப்போதும் பத்து எபி சேமிப்பு வைத்துக்கொண்டு யூடி (அப்டேட், அதாவது அடுத்த எபி) போட்டால் கமெண்டுக்கு ஏற்ப வளைவதும் குறையும். அறுபது எபி கதையில் நாற்பத்தெட்டுக்குள் சாவுக் கட்டத்தை முடித்துவிட வேண்டும் என்று ஒரு கோடு போட்டுக்கொண்டால் மீதி பன்னிரண்டில் மன்னிப்பு, காத்திருப்பு, சம்மதம் எல்லாவற்றுக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

கதை முடிந்தபின் சேர்க்கும் எபிலாக் பற்றி ஒரு வார்த்தை. வளைகாப்பு, இரட்டைக் குழந்தை, எல்லோரும் கூடி நிற்கும் போட்டோ, இவற்றால் தப்பில்லை, வாசகர்கள் விரும்புகிறார்கள். ஆனால் எபிலாக்கின் வேலை, பழைய புண் ஆறியதா என்று தொட்டுப் பார்ப்பது. முதலில் அவன் சந்தேகப்பட்டது அவள் போனை எடுக்காத ஒரு சாயங்காலத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எபிலாக்கிலும் ஒரு சாயங்காலம், போன் எடுக்கவில்லை. அவன் மூன்றாவது முறை அழைக்காமல் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, குழந்தைக்குத் தோசை ஊற்றுகிறான். அவள் எட்டரை மணிக்கு வருகிறாள். “சார்ஜ் போயிடுச்சா?” “ஆமா.” அவ்வளவுதான். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் தட்டு வந்துவிடுகிறது. இருபது வரிதான், இரட்டைக் குழந்தைகளைவிட அதிகமான நிம்மதியை வாசகருக்குக் கொடுத்துவிடும்.

தங்களிடம் வேண்டுவது ஒன்று. நூல் பக்கத்தில் மாதத்துக்கு ஒரு காதல் நாவலையாவது எடுத்து, மற்ற நாவல்களுக்குக் கொடுக்கும் அதே கவனத்தோடு மதிப்புரை எழுதச் செய்யுங்கள். நாயகன் எதை இழந்தான், மன்னிப்பு யார் முன்னால் நடந்தது, நாயகிக்குப் போக வேறு இடம் இருந்ததா, சட்டம் சரியாக வந்திருக்கிறதா என்று மதிப்புரையாளர் கேட்கட்டும். இந்தக் கேள்விகளுக்கு அஞ்சாத எழுத்தாளர்கள் தமிழில் இருக்கிறார்கள். அவர்களை வெளியில் கொண்டுவர ஒரு நாளிதழால் முடியும். முடிவைச் சொல்லிவிட்டால் சுவை கெட்டுவிடுமோ என்று மதிப்புரையாளர் தயங்க வேண்டியதில்லை. எங்கள் வாசகர்கள் கடைசிப் பக்கத்தை முதலிலேயே புரட்டிப் பார்த்திருப்பார்கள்.

இப்படிக்கு,
காதல் நாவல்களுக்குப் பிரதி திருத்துவோர் சார்பில்,
திருச்சிராப்பள்ளி